தப்பைத் தேடிப் போன டீச்சர்

டீச்சரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்துக்கும் ஏதாவது சங்கடம் வந்துவிடக் கூடாது. அங்கே இருபது வருஷத்துக்கு மேல் வேன் ஓட்டியவன் நான், அந்த உப்பைத் தின்றவன். அருப்புக்கோட்டைக்கு வெளியே, பந்தல்குடி போகிற ரோட்டில் இருக்கிற ஒரு தனியார் பள்ளிக்கூடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்தார். ஒல்லி. சேலையில் ஒரு மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். வேலையை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. இப்போது அக்கா மகள் வீட்டோடு திருநெல்வேலிப் பக்கம் இருப்பதாகக் கேள்வி.

அவரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது தவளைதான். ஐப்பசி மழை பெய்து ரோட்டோரப் பள்ளங்களில் எல்லாம் தவளை கத்திக்கொண்டிருந்த நேரம். சாயங்காலம் நாலேகாலுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு, வண்டியை எடுக்கப் போகிறேன். டீச்சர் ஓடி வந்து ஏறினார். அவர் வீடு டவுனுக்குள். இந்த வேன் போவது அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

“டீச்சர், வண்டி மாறி ஏறிட்டீகளா?” என்றேன்.

“இல்லண்ணே, ஒரு நிமிஷம்.” நின்றபடியே பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “ஆறாம் கிளாஸ் எல்லாம் நோட்டை எடுங்க. காலையில தவளைக்குப் பல்லே கெடையாதுன்னு சொன்னேன்ல? அது தப்பு. மேல்தாடையில சின்னச் சின்னதாப் பல்லு இருக்கு. அடிச்சுட்டு எழுதுங்க.”

வேனுக்குள் ஒரே கூத்து. ஒரு பெண்பிள்ளை எழுந்து, “மிஸ், எங்க வீட்டுத் தொட்டியில கெடந்ததை நான் வாயைத் தொறந்தே பாத்திருக்கேன். பல்லே இல்ல” என்றது.

“அது தேரையா இருக்கும்டி. தேரைக்குக் கெடையாது.”

“அது நாளைக்கு மாறுமா மிஸ்?” என்று பின்சீட்டில் இருந்து ஒரு குரல்.

“மாறினா வந்து சொல்லுவேன்” என்றார் டீச்சர், சிரிக்காமல்.

அதோடு விடவில்லை. மத்தியானமே காய்ச்சல் என்று வீட்டுக்குப் போயிருந்த பிள்ளை ஒன்று பந்தல்குடியில் இருந்தது. அது வீட்டு வாசல் வரைக்கும் எங்களோடு வந்து, போர்த்திக்கொண்டு படுத்திருந்ததை எழுப்பிச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பிப் போனார். ஒரு தவளைப் பல்லுக்காக.

எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வாத்தியார் என்றால் எனக்குச் சாமிக்கு அடுத்தபடி. குறி சொல்கிற கோடாங்கி வந்து, “போன வாரம் சொன்ன வாக்கு தப்பு, மாத்திக்கோ” என்றால் யாராவது விபூதி வாங்குவார்களா?

தாளாளருக்கும் இது பிடிக்கவில்லை. மறுநாள் வேன் சாவியைக் கொடுக்க ஆபீசுக்குப் போனபோது டீச்சரை நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். “தப்பு தப்புன்னு வாயால சொல்லாதீங்க டீச்சர். அடுத்த கிளாஸ்ல நைஸா மாத்திச் சொல்லிட்டுப் போயிருங்க. ஏற்கெனவே ஏசி பஸ் விடுற ஸ்கூலு ரெண்டு வந்துருச்சு. இருக்கிற பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போயிருவாங்க.”

“நைஸா மாத்துனா பிள்ளைக ரெண்டையும் எழுதி வச்சுக்கிரும் சார்” என்றார் டீச்சர். அவ்வளவுதான். குரல் உயராது. பிடிவாதம் பிடிக்கிற ஆளும் இல்லை. ஆனால் தான் சொன்ன தப்பு ஒன்று எங்கேயோ அடிக்கப்படாமல் கிடக்கிறது என்றால் அவருக்குச் சோறு இறங்காது. என் மூத்த மகள் நர்சிங் மனுப் போடுகிற சமயத்தில் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமைதான் என்று தெரிந்ததும், சித்திரை வெயிலில் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தார். போன் பண்ணியிருக்கலாமே என்று என் வீட்டுக்காரி மோரைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள். “நேர்ல சொன்னது நேர்லதானம்மா மாத்தணும்” என்றார்.

இந்தக் குணம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஏழாம் வகுப்புக்கு வருஷா வருஷம் ஆடிக்காற்று அடிக்கிற சமயத்தில் அவர் ஒரு பாடம் எடுப்பார். பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று. எங்கள் பக்கம் கரிசல் வெடித்துக் கிடக்கிற பூமி. பருத்திக்காடு, சோளத்தட்டைப் படப்பு, விறகு அடுக்கு என்று கை வைக்கிற இடமெல்லாம் பயம்தான். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவன், நானே ராத்திரியில் டார்ச் இல்லாமல் காலை வைக்க மாட்டேன்.

பாடம் நடப்பது வேன் நிறுத்துகிற இடத்தில். பிள்ளைகள் கழுத்து டையை அவிழ்த்து, ஒருவர் காலில் ஒருவர் கட்ட வேண்டும். கடிவாய்க்கு அடையாளமாகச் சாக்பீஸால் ரெண்டு புள்ளி.

“எங்க கட்டணும்?”

“கடிவாய்க்கு மேல!”

“எப்படிக் கட்டணும்?”

“ரத்தம் நிக்கிற மாதிரி!”

அந்தச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். டீச்சர் ஒவ்வொரு கட்டாக விரலை விட்டுப் பார்ப்பார். விரல் நுழைந்தால் மறுபடியும் கட்ட வேண்டும். சாயங்காலம் பாதிப் பிள்ளைகள் காலில் டையோடு நொண்டிக்கொண்டேதான் வேனில் ஏறும். அவருக்குக் ‘கட்டு மிஸ்’ என்றே பெயர். படித்து முடித்துப் போனவர்கள் எங்காவது என்னைப் பார்த்தால், “டிரைவரண்ணே, கட்டு மிஸ் நல்லா இருக்காகளா?” என்றுதான் கேட்பார்கள். வேறு எந்தப் பாடமும் அவர்களுக்கு ஞாபகம் இல்லை, இது மட்டும் மறக்கவில்லை. தான் படிக்கிற காலத்தில் வாங்கிய ஒரு முதலுதவிப் புத்தகத்தில் இருந்து அவர் எடுத்த பாடம் அது.

மே மாதம் வந்தால் டீச்சர்களுக்குப் பயிற்சி. ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்ஷன் வரும்போது சர்ட்டிபிகேட் காட்ட வேண்டுமாம். பிள்ளைகளுக்கு லீவு விட்டும் இவர்களுக்கு லீவு கிடையாது. மதுரைக்குப் போகிற வழியில் ஒரு கல்லூரி ஹாலில் மூன்று நாள். நான்தான் வேனில் கூட்டிப் போவேன். மத்தியான வெயிலில் வண்டிக்குள் உட்கார முடியாது என்பதால் நானும் ஹாலின் கடைசி வரிசையில், டீயும் பிஸ்கட்டும் வைத்திருக்கிற மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கோட்டுப் போட்ட ஒருத்தர் பலூனை ஊதச் சொல்வார். ஊதுவார்கள். கையைத் தட்டச் சொல்வார். தட்டுவார்கள். “நீங்கள் ஒரு மெழுகுவர்த்தி” என்பார். விடிகாலை எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு வந்த டீச்சர்மார்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். நம் டீச்சர் மட்டும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பலூனைப் பற்றிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் மூன்றாம் நாள் கடைசி மணியில், குரூப் போட்டோவுக்கு எல்லோரும் சேலையைச் சரி பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், முதலுதவி பற்றிப் பேச அரசாங்க டாக்டரம்மா ஒருவர் வந்தார். அவருக்கும் அவசரம். கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். பாம்புக்கடி வந்தது.

“கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, கட்டுப் போடாதீங்க. முக்கியமா கட்டுப் போடாதீங்க. இறுக்கிக் கட்டுனா ரத்த ஓட்டம் நின்னு காலே அழுகிப் போகும். ஆட்டாம அசைக்காம, பயமுறுத்தாம, நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க. அவ்வளவுதான்.”

டீச்சர் எழுந்து நின்றார். “டாக்டர், இது இப்பத்தான் மாத்துனதா?”

“இல்லீங்க மேடம். ரொம்ப வருஷமாவே இதத்தான் சொல்றோம்.”

டீச்சர் உட்காரவில்லை. பின்னால் இருந்தவர்கள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அப்புறம் உட்கார்ந்தார். குரூப் போட்டோவில் அவர் இல்லை.

திரும்பி வரும்போது எனக்குப் பின் சீட்டில் இருந்தார். காரியாபட்டி தாண்டுகிற வரைக்கும் விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். அப்புறம், “அண்ணே, வருஷத்துக்கு ரெண்டு செக்‌ஷன். எத்தனை வருஷம்?” என்றார்.

“நான் வந்ததுல இருந்தே எடுக்குறீக டீச்சர்.”

“எல்லாருக்கும் ஞாபகம் இருக்குமேண்ணே” என்றார். வண்டியில் இருந்த மற்ற டீச்சர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துத் தூசி தட்டினார். ஒவ்வொரு பெயராக ஒரு நீள நோட்டில் எழுதினார். நம்பர் இருந்தவர்களுக்குப் போன். இல்லாதவர்கள் எந்த ஸ்டாப்பில் ஏறினார்கள் என்று என்னிடம் கேட்பார். எனக்குப் பெயர் மறந்துபோகும், ஸ்டாப் மறக்காது. “அது குமாரலிங்கபுரம் விலக்கு. ரெட்டைச் சடை. அப்பன் டீக்கடை” என்பேன். டீக்கடையைப் பிடித்து, அங்கிருந்து நம்பரைப் பிடிப்பார். சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் காலி வேனுக்குள் உட்கார்ந்துதான் பேசுவார். டீச்சர்கள் ரூமில் பேசினால் மற்றவர்கள் சிரிக்கிறார்களாம்.

“மிஸ்ஸா! நான் இப்பத் திருப்பூர்ல நாலாவது மாடியில குடியிருக்கேன் மிஸ். பாம்பு வரணும்னா லிப்டுலதான் வரணும்.”

“ஊருக்கு வருவேல்ல? அப்பப் பாம்பு இருக்கும்ல? சரி, திருப்பிச் சொல்லு பாப்போம், என்ன செய்யணும்?”

ஒருத்தன் ஸ்கூலுக்கு நன்கொடை கேட்கிறார் என்று நினைத்து, “பாத்து அனுப்புறேன் மிஸ்” என்று வைத்துவிட்டான். மறுபடி அடித்து, “எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா, ஒரு நிமிஷம் கேளு” என்றார். இன்னொருத்தி, “அந்தக் கட்டு தப்புன்னா, அரையாண்டுல அதை எழுதலைன்னு எனக்கு மூணு மார்க்கு கொறைச்சீகளே, அது சரியா தப்பா, அதை மொதல்ல சொல்லுங்க” என்று சண்டைக்கு வந்தாள். வெளிநாட்டில் ஓட்டலில் வேலை பார்க்கிற பையன் ஒருவன் அவர் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டான். பாம்பைப் பற்றிப் பேசவே முடியவில்லை. மறுநாள் திரும்பவும் கூப்பிட்டார்.

எல்லோரிடமும் முதல் பேச்சு ஒன்றுதான். “நான் ஒனக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்.” ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேரிடம் இதைச் சொல்லிவிட்டு இறங்கி வரும்போது, நாள் பூராவும் கல் சுமந்தவர் மாதிரி இருப்பார். நான் பார்த்துப் பொறுக்காமல், “எல்லாரும் சேந்திருக்கிற வாட்ஸப் குரூப்புல ஒரு தடவை போட்டுவிட்டுட்டு இருங்க டீச்சர்” என்றேன். “போட்டேண்ணே. மேல நாலு குட் மார்னிங், கீழ அஞ்சு குட் மார்னிங். யாரு படிக்கிறா?” என்றார்.

இதற்குள் தாளாளர் காதுக்குப் பாதிச் சேதி போயிருந்தது. டீச்சர் பழைய மாணவர்களை எல்லாம் தொடர்பு கொள்கிறார் என்கிற பாதி. அவருக்கு வாயெல்லாம் பல். பெரிய பள்ளிக்கூடங்களில் எல்லாம் முன்னாள் மாணவர் சங்கம் வந்துவிட்டது, நம்மிடம் இல்லையே என்று அவருக்கு ஒரு குறை. “பொங்கல் லீவுல எல்லாரும் ஊருக்கு வருவாங்க. ஒரு சந்திப்பு வச்சிருவோம்” என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். மீதிப் பாதி தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

“நாமளே ஊர் ஊராப் போயி, எங்க ஸ்கூல்ல தப்பாச் சொல்லிக் குடுத்தோம்னு சொல்லணுமா டீச்சர்?”

“ஸ்கூலுன்னு சொல்லல சார். நான்னுதான் சொல்றேன்.”

“நீங்க வேற, ஸ்கூல் வேறயா?”

டீச்சர் நீள நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த நம்பரைத் தேடப் போய்விட்டார்.

மார்கழி மாதம். ஒரு நாள் தாளாளரே வேன் பக்கம் வந்து, “டீச்சர், ஒங்களுக்கு நல்ல சேதி” என்றார். எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துப் பழைய மாணவன் ஒருவன் சந்திப்பு நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்கிறான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் அய்யாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டதாம். கட்டு மிஸ் சொல்லிக் கொடுத்த மாதிரி இவன் கட்டினானாம். அய்யா பிழைத்துவிட்டார். விழா மேடையில் அய்யாவையே கூட்டி வந்து டீச்சருக்குச் சால்வை போட வேண்டும் என்கிறானாம். “இதுக்கு மேல என்ன வேணும்? நீங்க என்னமோ தப்பு தப்புங்கிறீங்க” என்று சொல்லிவிட்டு நம்பரைக் கொடுத்துப் போனார்.

டீச்சர் அங்கேயே நின்று போன் போட்டார். அவன் சந்தோஷத்தில் கத்துவது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

“அய்யாவுக்குக் காலு எப்படிப்பா இருக்கு?”

“காலு முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாக மிஸ். அதனால என்ன? உசுரு நின்னுச்சுல்ல! நான் இப்பல்லாம் லோடு ஆட்டோவுல ஒரு கயிறு போட்டே வச்சிருக்கேன். சுத்துப்பட்டுல யாருக்குக் கடிச்சாலும் என்னையத்தான் கூப்புடுறாக. நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைக அம்புட்டுப் பேருக்கும் சொல்லிக் குடுத்துட்டேன், ஒங்களை மாதிரியே, விரலை விட்டுப் பாத்து!”

போனை வைத்துவிட்டு டீச்சர் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். கட்டினதால்தான் கால் போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால், பெற்றவன் காலைத் தன் கையாலேயே கெடுத்தோம் என்று அந்தப் பையன் நொறுங்கிப் போவான். சொல்லாவிட்டால் அவன் அடுத்த ஆள் காலில் கட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை போவது என்று முடிவு பண்ணினார். “அவுகளைத் தனியா விடாதீக, கூடப் போயிட்டு வாங்க” என்று என் வீட்டுக்காரி துண்டை எடுத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் போகும்போது நான் சொல்லிப் பார்த்தேன்.

“டீச்சர், ஆண்டவன் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நிம்மதியைக் குடுத்து வச்சிருக்கான். நாம போயி அதைக் கலைக்கணுமா?”

“அவன் கயிறைத் தூக்கிக்கிட்டுத் திரியுறானேண்ணே” என்றார். நான் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் திருச்சுழி ஈசனைக் கும்பிட்டுக்கொண்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. பொதுவாகக் கும்பிட்டேன்.

பையன் லோடு ஏற்றப் போயிருந்தான். வீட்டு முன்னால் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து அவன் அய்யா பாசிப்பயறு நெற்றை உரித்துக்கொண்டிருந்தார். வலது கால் கைலிக்குள் பாதியில் முடிந்திருந்தது. டீச்சர் தான் யார் என்று சொன்னதும் எழப் பார்த்தார். டீச்சர் அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னார்.

“அய்யா, நான் பிள்ளைகளுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். கட்டக் கூடாது. ஒங்க காலு போனது என்னாலதான்.”

அவர் நெற்றை உரிப்பதை நிறுத்தவில்லை. தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, “எனக்குத் தெரியும் தாயி” என்றார்.



“ஆஸ்பத்திரியில மூணாம் நாளு. பய டீ வாங்கப் போயிருந்தான். டாக்டரு சின்ன வயசுக்காரரு. ‘யாருய்யா இம்புட்டு இறுக்கிக் கட்டுனது, கடியை விட இந்தக் கட்டுதான்யா காலைக் கொண்டு போயிருச்சு’ன்னாரு. நான் கையெடுத்துக் கும்புட்டேன். கட்டுனது எம்மகன், இந்தப் பேச்சு இந்தக் கட்டிலோட நிக்கட்டும்யான்னேன். நல்ல மனுசன், அவரும் விட்டுட்டாரு. வீட்டுல இருக்கிறவளுக்குக் கூடத் தெரியாது.”

“தப்பு என்னோடது அய்யா. அவனோடது இல்லைன்னு நான் சொல்றேன் அவன்கிட்ட.”

“நீங்க சொல்லுவீக. அவன் அப்பிடி நெனைப்பானா? தெனமும் என்னையத் தூக்கி ஒக்கார வைக்கிற கையி தாயி அது. நான் ஒத்தக் காலோட இருந்துக்கிருவேன். அவன் அந்தக் கையை வச்சுக்கிட்டு எப்பிடி இருப்பான்?”

“இன்னும் நாலு பேருக்குக் கட்டுவானே அய்யா.”

அவர் உரிப்பதை நிறுத்தினார்.  “அதுவும் உள்ளதுதான்” என்றார். “நீங்க படிச்சவுக. ரெண்டுக்கும் சேத்து ஒரு வழி சொல்லுங்க.”

லோடு ஆட்டோ சத்தம் கேட்டது. பையன் இறங்கி ஓடி வந்தான். “மிஸ்ஸு! எங்க வீட்டுக்கா! யய்யா, பாத்தீகளா, நான் சொல்லல? டிரைவரண்ணே, நீங்களுமா? நில்லுங்க, கலர் வாங்கியாறேன்.” மறுபடி ஓடப் போனவனை டீச்சர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“கேளுப்பா. இனிமே யாருக்கும் கட்டுப் போடாத. இப்ப ஆஸ்பத்திரியில புது மருந்து வந்துருச்சு, ஆம்புலன்ஸ் வந்துருது. கட்டுனா அந்த மருந்து வேலை செய்யாது. அசையாமப் படுக்க வச்சுக் கொண்டு போகணும், அவ்வளவுதான். யாருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தியோ, ஒருத்தரு விடாமப் போயி மாத்திச் சொல்லணும். கயிறை எடுத்து எங்கையில குடு.”

அவன் கயிற்றை எடுத்து வந்தான். கொடுக்கும்போது கை நின்றது. அய்யாவின் காலைப் பார்த்தான்.

“அப்ப அன்னைக்கு நான் கட்டுனது, மிஸ்?”

அய்யா நெற்றுக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலே பார்த்தேன். டீச்சர் அவன் கையில் இருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்.

“அன்னைக்கு அதுதான்பா சரி” என்றார்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. கலர் வாங்க ஓடினான். டீச்சர் அதைக் குடித்தார், முழுப் பாட்டிலையும்.

பஸ்ஸுக்காக ரோட்டில் நிற்கும்போது, “இத்தனை வருஷத்துல இப்பத்தான்ணே தெரிஞ்சே ஒரு தப்பைச் சொல்லிக் குடுத்துட்டு வாரேன்” என்றார்.

“ஆண்டவன் இதைத் தப்புன்னு எழுதமாட்டான் டீச்சர்.”

“அவர் எழுதலைன்னா என்ன, எனக்குத் தெரியும்ல” என்றார். 

மேடைக்கு வரமாட்டேன் என்றுதான் டீச்சர் சொன்னார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பையன் கேட்பான். ஆகவே வந்தார். பொங்கலுக்கு மறுநாளைக்கு மறுநாள், பந்தலில் அவர் படத்தோடு ‘ஒரு கட்டு, ஒரு உயிர்’ என்று பிளக்ஸ் வைத்திருந்தார் தாளாளர். டீச்சர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். மைக் கொடுத்ததும் முறை மாறிவிட்டது என்று சொன்னார். தப்பு என்கிற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. தாளாளருக்குத் திருப்தி. தான் அன்றைக்கே சொன்ன மாதிரி நைஸாக மாற்றிச் சொல்கிறாரே என்று நினைத்திருப்பார். பழைய பிள்ளைகள், கைக்குழந்தை வைத்திருந்தவர்கள்கூட, எழுந்து நின்று டீச்சர் கேட்கக் கேட்கப் பதில் சொன்னார்கள்.

“கட்டலாமா?”

“கூடாது!”

“கீறலாமா?”

“கூடாது!”

மூன்று தடவை சொல்ல வைத்தார். அது ஒன்றில் எனக்கு நிம்மதி. அந்தச் சத்தம் ரோட்டைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

அப்புறம் சால்வை. அய்யாவை ஒரு பக்கம் மகனும் மறுபக்கம் நானும் பிடித்து மேடைப் படியில் ஏற்றினோம். மேலே வந்ததும் மகன் அய்யாவை என் மேல் சாய்த்துவிட்டு, கீழே ஓடிப்போய் முன்னால் நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சரின் கண் இரண்டும் அய்யாவின் கைலி நுனியிலேயே நின்றன. ஒற்றைக் காலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷர் சால்வையை விரித்து டீச்சரின் தோளில் போட்டார். போடும்போது குனிந்து சொன்னது நடுவில் நின்ற எனக்கும் கேட்டது.

“சிரிங்க தாயி. பய பாத்துக்கிட்டு இருக்கான்.”

டீச்சர் சிரித்தார்.